மாதவிடாய் ரத்தத்தை மருத்துவ ஆராய்ச்சிக்குத் தானம் அளிக்கப் பெண்கள் முன்வருவார்களா? - அறிய வேண்டிய தகவல்கள்

மும்பை: பயன்படுத்திய சானிட்டரி நாப்கினைக் காகிதத்தில் சுற்றி, வீட்டில் உள்ளவர்கள் கண்ணில்கூடப் படாமல் அப்புறப்படுத்துவதே இந்தியக் குடும்பங்களில் பெரும்பாலான பெண்களின் வழக்கம். அந்த நாப்கினை மகாராஷ்டிர மாநிலத்தில் 500-க்கும் மேற்பட்ட பெண்கள் குப்பையில் போடாமல் சுகாதாரப் பணியாளர்களிடம் ஒப்படைத்தனர். கருப்பை வாய் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸை மாதவிடாய் ரத்தத்தின் மூலம் கண்டறிய முடியுமா என்ற ஆய்வுக்காக அவர்கள் இவ்வாறு செய்தனர்.

மும்பையில் உள்ள டாடா நினைவு மையமும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கீழ் செயல்படும் தேசிய இனப்பெருக்க சுகாதார ஆராய்ச்சி நிறுவனமும் இணைந்து மேற்கொண்ட இந்த ஆய்வின் முடிவுகள் 2018-ஆம் ஆண்டு வெளியாகின. மாதவிடாயைப் பற்றி வெளிப்படையாகப் பேசவே தயங்கும் சமூகத்தில், அந்த ரத்தத்தை ஆராய்ச்சிக்குக் கொடுக்கப் பெண்கள் முன்வருவார்களா என்ற கேள்விக்கு இந்த ஆய்வு ஒரு தொடக்க விடையை அளித்தது.

இன்று எண்டோமெட்ரியோசிஸ், நீரிழிவு, புற்றுநோய், ஸ்டெம் செல் சிகிச்சை எனப் பல துறைகளில் மாதவிடாய் ரத்தம் ஆராயப்பட்டு வருகிறது. இந்த ஆராய்ச்சிகள் அனைத்துக்கும் அடிப்படைத் தேவை, மனமுவந்து மாதிரி அளிக்கும் பெண்கள். அவர்கள் எப்போது முன்வருகிறார்கள், எதற்குத் தயங்குகிறார்கள், அவர்களுக்கு உள்ள உரிமைகள் என்ன என்பதை இந்தச் செய்தித் தொகுப்பில் காணலாம்.

மாதவிடாய் ரத்தத்தில் என்ன இருக்கிறது?

மாதவிடாய் ரத்தம் 'கெட்ட ரத்தம்' என்றும், உடலில் சேர்ந்த அழுக்கு அதன் வழியாக வெளியேறுகிறது என்றும் பரவலான நம்பிக்கை உள்ளது. இதற்கு அறிவியல் அடிப்படை ஏதுமில்லை. கருவைத் தாங்குவதற்காக ஒவ்வொரு மாதமும் கருப்பையின் உட்புறத்தில் ஒரு படலம் வளர்கிறது. கரு உருவாகாத நிலையில் ஹார்மோன் அளவு குறைந்து, அந்தப் படலம் உதிர்ந்து ரத்தத்துடன் வெளியேறுகிறது. இதுவே மாதவிடாய்.

ஒரு மாதவிடாய் சுழற்சியில் சராசரியாக 30 முதல் 40 மில்லி லிட்டர் வரை வெளியேறுகிறது. இதில் ஏறக்குறைய பாதி மட்டுமே ரத்தம். எஞ்சியது கருப்பை உட்படலத் திசுக்கள், நோய் எதிர்ப்பு செல்கள், கருப்பை வாய் மற்றும் பிறப்புறுப்புச் சுரப்புகள் ஆகியவற்றால் ஆனது.

நரம்பில் இருந்து எடுக்கப்படும் ரத்தத்தில் கிடைக்காத தகவல்கள் இதில் உள்ளன. 2012-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் மாதவிடாய் ரத்தத்தில் 1,061 புரதங்களை அடையாளம் கண்டனர். அவற்றில் 385 புரதங்கள், அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்த நரம்பு ரத்தத்திலோ பிறப்புறுப்புத் திரவத்திலோ காணப்படவில்லை. கருப்பையின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை அறுவை சிகிச்சையோ ஊசியோ இன்றி அறிந்துகொள்ள இயற்கையே மாதந்தோறும் அளிக்கும் வாய்ப்பாக ஆராய்ச்சியாளர்கள் இதைக் கருதுகின்றனர்.

ஆராய்ச்சிக்கு எதற்காகத் தேவைப்படுகிறது?

எண்டோமெட்ரியோசிஸ்: கருப்பையின் உட்படலத்தைப் போன்ற திசு, கருப்பைக்கு வெளியே வளரும் நோய் இது. கடுமையான வயிற்று வலி, குழந்தையின்மை போன்ற பாதிப்புகளை இது ஏற்படுத்துகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, இனப்பெருக்க வயதில் உள்ள பெண்களில் சுமார் 10 சதவீதம் பேர், அதாவது ஏறத்தாழ 19 கோடி பேர் இதனால் பாதிக்கப்பட்டுள்ளனர். நோயை உறுதிப்படுத்த நீண்ட காலமாக லேப்ராஸ்கோபி அறுவை சிகிச்சையே நம்பப்பட்டு வந்ததால், பல பெண்களுக்கு நோய் இன்னதென்று தெரியவே ஆண்டுக்கணக்கில் ஆகிறது. 'மாதவிடாய் என்றால் வலிக்கத்தான் செய்யும்' என்று வீட்டிலும் மருத்துவமனையிலும் கூறப்படும் சமாதானமும் இந்தத் தாமதத்துக்கு ஒரு காரணம்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஃபைன்ஸ்டீன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம், 'ரோஸ்' என்ற பெயரில் இந்த நோய் குறித்த ஆய்வை நடத்தி வருகிறது. நோய் உள்ளவர்களும் இல்லாதவர்களும் தங்கள் வீட்டிலேயே மாதவிடாய் ரத்தத்தைச் சேகரித்து ஆய்வகத்துக்கு அனுப்புகின்றனர். 2022-ஆம் ஆண்டு இந்தக் குழு வெளியிட்ட ஆய்வில், எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பெண்களின் மாதவிடாய் ரத்தத்தில் கருப்பைக்கே உரிய ஒருவகை நோய் எதிர்ப்பு செல்கள் குறைவாக இருந்ததும், கருவை ஏற்பதற்காகக் கருப்பைத் திசு அடைய வேண்டிய மாற்றம் சரிவர நிகழாததும் தெரியவந்தது. அறுவை சிகிச்சை இல்லாமல் நோயைக் கண்டறியும் பரிசோதனையை உருவாக்குவதே இந்த முயற்சியின் நோக்கம்.

நீரிழிவு: நாப்கினில் பொருத்தப்பட்ட சிறிய பட்டையில் மாதவிடாய் ரத்தத்தைச் சேகரித்து, மூன்று மாத சராசரி சர்க்கரை அளவைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையைச் செய்யும் முறைக்கு 2024 ஜனவரியில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அனுமதி அளித்தது.

காசநோய்: இந்தியாவைப் பொறுத்தவரை மாதவிடாய் ரத்தம் ஆய்வகங்களுக்கு முற்றிலும் புதியதல்ல. குழந்தையின்மைக்கு ஒரு முக்கியக் காரணமான கருப்பைக் காசநோயைக் கண்டறிய மாதவிடாய் ரத்தத்தைப் பரிசோதிக்கும் முறை பல ஆண்டுகளுக்கு முன்பே இங்கு கையாளப்பட்டுள்ளது.

ஸ்டெம் செல்: கருப்பையின் உட்படலம் ஒரு பெண்ணின் வாழ்நாளில் நூற்றுக்கணக்கான முறை உதிர்ந்து மீண்டும் வளர்கிறது. இதற்குக் காரணமான செல்கள் அங்கு உள்ளன என்பதை ஆஸ்திரேலியாவின் மெல்போர்னைச் சேர்ந்த கரோலின் கார்கெட் தலைமையிலான குழு 2004-ஆம் ஆண்டு வெளியிட்டது. அடுத்து 2007-இல், மாதவிடாய் ரத்தத்தில் இருந்தே இத்தகைய செல்களைப் பிரித்தெடுக்க முடியும் என்று அறிவிக்கப்பட்டது. ஆய்வகத்தில் ஏறக்குறைய 20 மணி நேரத்தில் இரட்டிப்பாகும் அளவுக்கு அவை வேகமாக வளர்ந்தன. எலும்பு மஜ்ஜையில் இருந்து ஸ்டெம் செல் எடுக்க மயக்க மருந்தும் ஊசியும் தேவை. மாதவிடாய் ரத்தத்துக்கு இரண்டுமே தேவையில்லை என்பது ஆராய்ச்சியாளர்களின் ஆர்வத்துக்குக் காரணம்.

எனினும், இதனைச் சிகிச்சை என்று கூறும் நிலை இன்னும் வரவில்லை. கொரோனா பெருந்தொற்றின்போது சீனாவில் 44 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வில், மாதவிடாய் ரத்த ஸ்டெம் செல் அளிக்கப்பட்ட 26 பேரிடம் உயிரிழப்பு குறைவாக இருந்ததாகத் தெரிவிக்கப்பட்டது. ஆனால் இவ்வளவு சிறிய எண்ணிக்கையை வைத்து உறுதியான முடிவுக்கு வர இயலாது.

மகாராஷ்டிர ஆய்வு சொல்வது என்ன?

2022-ஆம் ஆண்டுக்கான உலகளாவிய புற்றுநோய் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் அந்த ஓராண்டில் சுமார் 1.27 லட்சம் பெண்களுக்குக் கருப்பை வாய் புற்றுநோய் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 80 ஆயிரம் பேர் உயிரிழந்தனர். தொடக்க நிலையிலேயே கண்டறிந்தால் தடுக்கவும் குணப்படுத்தவும் கூடிய நோய் இது. ஆயினும், 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நாட்டில் 30 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 1.9 சதவீதம் பேர் மட்டுமே இதற்கான பரிசோதனையை ஒருமுறையேனும் செய்துகொண்டவர்கள். தமிழ்நாட்டில் இது 9.8 சதவீதமாக இருந்தது.

பரிசோதனை வசதி குறைவாக இருப்பது ஒரு காரணம் என்றால், பரிசோதனை செய்யப்படும் விதம் மற்றொரு காரணம். ஆடையை விலக்கிப் படுத்து, பிறப்புறுப்பில் கருவி செலுத்தப்படுவதைப் பல பெண்கள் விரும்புவதில்லை. வெட்கம், வலி குறித்த அச்சம், ஆண் மருத்துவர் இருப்பாரோ என்ற தயக்கம், எந்த அறிகுறியும் இல்லாதபோது எதற்குப் பரிசோதனை என்ற எண்ணம் ஆகியவை அவர்களைத் தடுக்கின்றன.

இந்தச் சிக்கலுக்கு மாற்று வழி தேடியதே டாடா நினைவு மையத்தின் ஆய்வு. 30 முதல் 50 வயதுக்கு உட்பட்ட, புற்றுநோய் பாதிப்பு இல்லாத பெண்களிடம், மாதவிடாயின் முதல் நாளில் பயன்படுத்திய நாப்கின் பெறப்பட்டது. அவை மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் குளிர்நிலையில் வைக்கப்பட்டு, ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டன. நாப்கினில் உலர்ந்திருந்த ரத்தத்தில் இருந்து மரபணுப் பொருள் பிரித்தெடுக்கப்பட்டு, மனித பாப்பிலோமா வைரஸ் உள்ளதா என்று பிசிஆர் முறையில் சோதிக்கப்பட்டது. இதில் 24 பெண்களுக்குத் தொற்று இருப்பது கண்டறியப்பட்டது. அவர்கள் அடுத்தகட்ட மருத்துவப் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் வழிகாட்டப்பட்டனர்.

பெண்களின் விருப்பம் என்ற கோணத்தில் பார்த்தால், இந்த ஆய்வில் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவதாக, பெண்கள் தங்கள் வழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. இரண்டாவதாக, யாரும் அவர்கள் உடலைத் தொடாமலேயே மாதிரி கிடைத்தது. மூன்றாவதாக, கொடுத்த மாதிரிக்குப் பயன் இருந்தது. தொற்று இருந்தவர்களுக்கு அது தெரிவிக்கப்பட்டு, சிகிச்சைக்கான வழி காட்டப்பட்டது. பெண்களிடம் விருப்பம் இல்லை என்று முன்கூட்டியே முடிவு செய்வதைவிட, அவர்களுக்கு ஏற்ற முறையில் கேட்கப்படுகிறதா என்று பார்ப்பதே சரி என்பதை இது உணர்த்துகிறது.

வெளிநாட்டு அனுபவமும் இதையொட்டியே உள்ளது. பிரிட்டனின் நாட்டிங்ஹாம் டிரென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்காக மாதவிடாய் ரத்தத்தைத் தானம் அளிக்க விருப்பமா என்று பெண்களிடம் இணையவழியில் கேட்டு, 2019-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் பெரும்பான்மையோர் விருப்பம் தெரிவித்திருந்தனர். ஆனால், இணையவழி வினாவுக்கு 'ஆம்' என்று பதிலளிப்பதும், மாதவிடாய் நாளில் மாதிரியைச் சேகரித்துக் கொடுப்பதும் ஒன்றல்ல. விருப்பம் செயலாக மாறும் இடத்தில்தான் தடைகள் தொடங்குகின்றன.

பெண்கள் தயங்குவது ஏன்?

தீட்டு என்ற நம்பிக்கை: மாதவிடாய் நாட்களில் பெண்களை வழிபாட்டில் இருந்தும் சமையலறையில் இருந்தும் விலக்கி வைக்கும் வழக்கம் நாட்டின் பல பகுதிகளில் தொடர்கிறது. நாப்கின் ஆய்வு நடந்த அதே மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில், மாதவிடாய் காலத்தில் பழங்குடியினப் பெண்கள் ஊருக்கு ஒதுக்குப்புறமாக உள்ள 'குர்மா கர்' எனப்படும் குடிசைகளில் தங்கும் வழக்கம் உள்ளது. மறுபுறம், அசாம் மாநிலம் குவாஹாட்டியில் உள்ள காமாக்யா கோயிலில் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் நடைபெறும் அம்புபாச்சி விழா, தேவியின் மாதவிடாயைக் கொண்டாடுவது. அங்கு வழங்கப்படும் சிவப்புத் துணியைப் பக்தர்கள் புனிதமாகப் பாதுகாக்கின்றனர். தேவிக்குப் புனிதமாவது பெண்களுக்குத் தீட்டாகிவிடுகிறது.

செய்வினை அச்சம்: மாதவிடாய்த் துணியோ நாப்கினோ பிறர் கையில் கிடைத்தால், அதை வைத்துச் செய்வினை செய்துவிடுவார்கள் என்ற அச்சம் கிராமங்களில் இன்றும் உண்டு. துணியை மறைவான இடத்தில் உலர்த்துவதற்கும், நாப்கினைக் கழுவிய பிறகே எறிவதற்கும் இந்த அச்சம் ஒரு காரணம். இத்தகைய சூழலில் 'பயன்படுத்திய நாப்கினைக் கொடுங்கள்' என்று அறிமுகமற்ற ஒருவர் கேட்டால் கிடைக்கும் பதில் வேறாகவும், பல ஆண்டுகள் பழகிய ஆஷா பணியாளரோ கிராம செவிலியரோ கேட்டால் கிடைக்கும் பதில் வேறாகவும் இருக்கும்.

சேகரிக்கும் முறை: ஸ்டெம் செல் போன்ற ஆய்வுகளுக்கு நாப்கினில் உலர்ந்த ரத்தம் போதாது. உயிருள்ள செல்கள் தேவை என்பதால், பெண்ணுறுப்பினுள் பொருத்தப்படும் மாதவிடாய் கப் மூலம் சேகரித்து, குளிர்நிலையில் விரைவாக ஆய்வகத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும். தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 24 வயது வரையிலான பெண்களில் 64 சதவீதம் பேர் சானிட்டரி நாப்கினையும், 50 சதவீதம் பேர் துணியையும் பயன்படுத்துகின்றனர். ஒருவரே ஒன்றுக்கு மேற்பட்டவற்றைப் பயன்படுத்துவதும் இந்தக் கணக்கில் அடங்கும். கப் பயன்படுத்துவோர் மிகக் குறைவு. கன்னித்தன்மை குறித்த தவறான நம்பிக்கையால் திருமணமாகாத பெண்களுக்குக் கப் வேண்டாம் என்று குடும்பத்தினர் கூறுவதும் உண்டு.

இந்த நிலை மாறக்கூடியது என்பதற்குக் கேரளம் சான்று. 2019-ஆம் ஆண்டு ஆலப்புழா நகராட்சியில், பொதுத்துறை நிறுவனமான ஹெச்எல்எல் லைஃப்கேர் 'திங்கள்' என்ற திட்டத்தின் கீழ் 5,000 மாதவிடாய் கப்களை இலவசமாக வழங்கியது. 2022 ஜனவரியில் எர்ணாகுளம் மாவட்டத்தின் கும்பளங்கி, சானிட்டரி நாப்கின் இல்லாத ஊராட்சியாக அறிவிக்கப்பட்டது. பயிற்சியும் துணையும் கிடைத்தால் பெண்கள் புதிய முறையை ஏற்கின்றனர் என்பதை இத்திட்டங்கள் காட்டின.

முடிவு வெளியே தெரியுமோ என்ற கவலை: மாதவிடாய் ரத்தத்தில் ஒரு பெண்ணின் மரபணுத் தகவல் முழுவதும் உள்ளது. பாலியல் தொற்றுகள், கருச்சிதைவு போன்ற அந்தரங்கத் தகவல்களும் அதில் இருந்து தெரியவரக்கூடும். குறிப்பாக, மனித பாப்பிலோமா வைரஸ் உடலுறவின் மூலம் பரவுவது என்பதால், தொற்று இருப்பதாக வரும் ஒரு முடிவு குடும்பத்தில் சந்தேகத்தை எழுப்பலாம். உண்மையில், உடலுறவில் ஈடுபட்டுள்ள பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் எப்போதாவது இந்தத் தொற்று ஏற்படுகிறது. பலருக்கு அது தானாகவே மறைந்துவிடுகிறது. சிலருக்குப் பல ஆண்டுகள் அறிகுறியின்றித் தங்கியிருக்கிறது. எனவே, ஒரு பெண்ணின் அல்லது அவரது கணவரின் நடத்தையை இந்த முடிவை வைத்துத் தீர்மானிக்க முடியாது. இதை முன்கூட்டியே விளக்காமல் மாதிரியைப் பெறுவது, உதவ முன்வந்த பெண்ணை ஆபத்தில் நிறுத்துவதற்குச் சமம்.

நம்பிக்கை இழந்தால் என்ன ஆகும்?

கடந்த கால நிகழ்வு ஒன்று இதற்குப் பாடமாக உள்ளது. 2009-ஆம் ஆண்டு, அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் சிறுமிகளுக்கு இதே பாப்பிலோமா வைரஸுக்கு எதிரான தடுப்பூசி, ஓர் ஆய்வுத் திட்டத்தின் கீழ் செலுத்தப்பட்டது. சிறுமிகள் 7 பேர் உயிரிழந்ததைத் தொடர்ந்து எழுந்த எதிர்ப்பால், 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. அந்த உயிரிழப்புகளுக்குத் தடுப்பூசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்று அரசு அமைத்த குழு தெரிவித்தது. ஆனால், ஒப்புதல் பெறப்பட்ட முறையில் கடுமையான குறைபாடுகள் இருந்தன. பழங்குடியின மாணவியர் விடுதிகளில், பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களும் தலைமை ஆசிரியர்களும் ஒப்புதல் படிவங்களில் கையெழுத்திட்டிருந்தனர். நாடாளுமன்ற நிலைக்குழு 2013-ஆம் ஆண்டு தனது அறிக்கையில் இதைக் கடுமையாகக் கண்டித்தது.

பயனுள்ள ஒரு தடுப்பூசி குறித்த ஐயம் நாட்டில் பல ஆண்டுகள் நீடிக்க, அந்த நிகழ்வும் ஒரு காரணமாயிற்று. ஊசியே இல்லாத, உடலுக்கு எந்தத் தீங்கும் இல்லாத மாதவிடாய் ரத்தச் சேகரிப்புக்கு ஒப்புதல் ஒரு பெரிய விஷயமா என்று ஆய்வாளர்கள் கருதினால், அதே தவறு மீண்டும் நிகழக்கூடும். 'எப்படியும் குப்பைக்குப் போவதுதானே' என்ற வாதம் ஒப்புதலுக்கு மாற்றாகாது.

விதிமுறைகள் என்ன சொல்கின்றன?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017-ஆம் ஆண்டு வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டுதலின்படி, ஆராய்ச்சிக்காக அளிக்கப்படும் உயிரியல் மாதிரியும் அது சார்ந்த தகவல்களும் அவற்றை அளித்தவருக்கே சொந்தமானவை. ஆய்வு நிறுவனம் அவற்றின் பாதுகாவலர் மட்டுமே. மாதிரி அளித்த பெண், காரணம் கூறாமலேயே எந்த நேரத்திலும் ஆய்வில் இருந்து விலகிக்கொள்ளலாம். அதனால் அவருக்குக் கிடைக்க வேண்டிய சிகிச்சையில் எந்தப் பாதிப்பும் இருக்கக் கூடாது.

வயதுவந்த பெண்ணின் ஒப்புதல் அவருடையதாகவே இருக்க வேண்டும். கணவரிடமோ குடும்பத்தினரிடமோ கலந்தாலோசிக்க அவர் விரும்பினால் அதற்கு அவகாசம் அளிக்கலாம். ஆனால், அவர்களது சம்மதம் அவருடைய சம்மதத்துக்கு ஈடாகாது. 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் பெற்றோரின் ஒப்புதலுடன், சிறுமியின் இசைவும் பெறப்பட வேண்டும். பயணச் செலவு, இழந்த கூலி போன்றவற்றை ஈடுசெய்யலாம். ஆனால், பணத்துக்காகவே ஒருவர் சம்மதிக்கும் வகையில் தொகை அமையக் கூடாது.

தானத்துக்கும் கட்டணச் சேமிப்புக்கும் உள்ள வேறுபாட்டையும் பெண்கள் அறிந்திருப்பது அவசியம். ஆராய்ச்சிக்கு மாதிரி அளிப்பதற்குக் கட்டணம் கிடையாது. ஆனால், எதிர்காலத்தில் தங்களுக்கே பயன்படும் என்று கூறி மாதவிடாய் ரத்த ஸ்டெம் செல்களைக் கட்டணம் பெற்றுச் சேமிக்கும் வணிக சேவைகள் அமெரிக்காவில் தொடங்கி, இந்தியாவிலும் அறிமுகமாயின. 2017-ஆம் ஆண்டின் தேசிய ஸ்டெம் செல் ஆராய்ச்சி வழிகாட்டுதல், தொப்புள்கொடி ரத்தத்தைத் தவிர மாதவிடாய் ரத்தம் உள்ளிட்ட பிற உயிரியல் பொருட்களை வணிக ரீதியில் சேமிக்க அனுமதி இல்லை என்று தெளிவுபடுத்தியது. எனவே, கட்டணம் கேட்டு மாதவிடாய் ரத்தத்தைச் சேமித்துத் தருவதாக யாரேனும் அணுகினால் கவனமாக இருக்க வேண்டும்.

மாதிரி எவ்வாறு சேகரிக்கப்படுகிறது?

ஆய்வின் நோக்கத்தைப் பொறுத்து முறை மாறுபடும். வைரஸ் பரிசோதனைக்கு நாப்கினோ அதில் பொருத்தப்படும் பட்டையோ போதுமானது. செல்களை ஆராய வேண்டும் என்றால், ரத்தப்போக்கு அதிகமாக உள்ள முதல் இரண்டு நாட்களில் கப் மூலம் சில மணி நேரம் சேகரித்து, வழங்கப்பட்ட குப்பியில் ஊற்றி, குளிரூட்டும் பொதியுடன் அனுப்ப வேண்டும். பெண்கள் இதைத் தங்கள் வீட்டுக் கழிவறையிலேயே செய்துகொள்ளலாம். மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அவசியமில்லை.

ஆனால், இதற்குத் தண்ணீர் வசதியும் தனிமையும் உள்ள கழிவறை வேண்டும். மாதிரி கெடாமல் ஆய்வகத்தை அடையும் குளிர்நிலைப் போக்குவரத்தும் வேண்டும். இவை இல்லாத பெண்களை விட்டுவிட்டு, நகரங்களில் வசிக்கும் படித்த பெண்களிடம் மட்டுமே மாதிரி பெறப்பட்டால், ஆய்வின் முடிவுகளும் அவர்களை மட்டுமே பிரதிபலிக்கும். ரத்தசோகை, கருப்பை வாய் புற்றுநோய், கருப்பைக் காசநோய் ஆகியவற்றால் அதிகம் பாதிக்கப்படுவோர் ஏழைப் பெண்களே என்பதால், அவர்கள் விடுபடுவது ஆராய்ச்சியின் நோக்கத்தையே குறைத்துவிடும்.

சம்மதிக்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

மாதவிடாய் ரத்தம் உள்ளிட்ட எந்த மாதிரியையும் ஆராய்ச்சிக்கு அளிக்கும் முன், பெண்கள் பின்வருவனவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

* ஆய்வை நடத்தும் நிறுவனம் எது? நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெறப்பட்டுள்ளதா?
* எந்த நோய் குறித்த ஆய்வு இது? மாதிரி இந்த ஓர் ஆய்வுக்கு மட்டுமா, பின்னாளில் வேறு ஆய்வுகளுக்கும் பயன்படுத்தப்படுமா?
* பெயரும் முகவரியும் மாதிரியுடன் இணைக்கப்படுமா, ரகசியக் குறியீடு மட்டுமே இடப்படுமா?
* நோய் அறிகுறி தெரியவந்தால் யாரிடம், எவ்வாறு தெரிவிக்கப்படும்? அடுத்தகட்ட சிகிச்சைக்கு யார் பொறுப்பு?
* மாதிரி வேறு நிறுவனத்துக்கோ வெளிநாட்டுக்கோ அனுப்பப்படுமா?
* பின்னர் விலக விரும்பினால் மாதிரி அழிக்கப்படுமா?

ஒப்புதல் படிவம் தாய்மொழியில் இருக்க வேண்டும். படிக்க இயலாதவர்களுக்கு, ஆய்வுடன் தொடர்பில்லாத சாட்சி ஒருவரின் முன்னிலையில் படித்து விளக்கப்பட வேண்டும். விடை திருப்தி அளிக்கவில்லை என்றால் மறுப்பதற்கு முழு உரிமை உண்டு.

அடுத்து என்ன?

மாதவிடாய் ரத்தத்தின் அடிப்படையிலான பரிசோதனைகள் இந்தியாவில் இன்னும் ஆராய்ச்சி நிலையிலேயே உள்ளன. அவை பயன்பாட்டுக்கு வரும்வரை, 30 வயதைக் கடந்த பெண்கள் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கிடைக்கும் கருப்பை வாய் புற்றுநோய் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது. தாங்க முடியாத மாதவிடாய் வலி, அதிக ரத்தப்போக்கு, உடலுறவின்போது வலி போன்றவை இருந்தால் மகப்பேறு மருத்துவரை அணுக வேண்டும்.

பயன்படுத்திய நாப்கின் திடக்கழிவு மேலாண்மை விதிகளில் இன்றும் கழிவாகவே இடம்பெறுகிறது. அதில் ஒரு பெண்ணின் உயிரைக் காக்கும் தகவல் இருக்கக்கூடும் என்பதை மகாராஷ்டிரத்தில் தொற்று கண்டறியப்பட்ட 24 பெண்களின் அனுபவம் காட்டியது. அவர்களும் அவர்களுடன் மாதிரி அளித்த மற்ற பெண்களும் ஆய்வுக்கு உதவ முன்வந்தனர். அந்த நம்பிக்கைக்கு ஏற்ப ரகசியம் காப்பதும், முடிவைத் தெரிவிப்பதும், சிகிச்சை கிடைக்கச் செய்வதும் ஆராய்ச்சி நிறுவனங்களின் கடமை.